கைவேலும் மெய்வேலும்

நடுவராக அமர்தல் எளிதன்று; தம் மகனே வழக்காளியாக நிற்குமிடத்து அது பெருஞ் சங்கடம். சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எமக்கு அச்சங்கடம் நேர்ந்தது. அதனைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் எம் எதிர்வீட்டார் வங்காளியர். அவ்வீட்டுப் பையனுக்கும் எம் இளைய மகனுக்கும் வயது 14. ஆறாண்டுகளாக இருவரும் இணைபிரியாத் தோழர். அவன் தந்தையார்க்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாரம் பயணம். மாற்றல் குடும்பத்துப் பிள்ளைகள் பிரிவுக்குப் பழகியவர்கள் என்று பெரியவர்களாகிய நாம் சொல்லிக்கொள்கிறோம். அது நம் மனச் சமாதானத்திற்காகச் சொல்வதேயன்றி உண்மையன்று.

அன்று அவர்கள் ஆடியது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமைத்தது. ஒருவன் கதை சொல்லி நடத்துவான். மற்றவர் ஆளுக்கொரு வீரனாகி, தாம் செய்வதைச் சொல்லுவர். வெற்றி தோல்வியை 20 முகமுள்ள பகடை தீர்மானிக்கும். ஒவ்வொருவனுக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. அடிபடுந்தோறும் அவை குறையும்.

உள்ளறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நாம், கூச்சல் கேட்டு எழுந்து சென்றோம். இருவர் முகமும் சிவந்திருந்தன. எம் மகன் வேல்வீரன். வங்காளிப் பையன் கதை நடத்துவோன். அரக்கன் ஒருவனை நோக்கி எம் மகன் பகடை உருட்ட, 20 விழுந்தது. அதனினும் சிறந்த வீச்சு அவ்விளையாட்டில் இல்லை. உடனே நடத்துவோன், "உன் வேல் அரக்கனின் விலாவெலும்பில் ஆழப் பாய்ந்து சிக்கிக்கொண்டது, இனி நீ வெறுங்கையன்" என்று கூறிவிட்டானாம்.

"அப்பா, நீங்களே சொல்லுங்கள். நன்றாக எறிந்ததற்குத் தண்டனையா? நான் 5 போட்டிருந்தால் வேல் என் கையில் இருந்திருக்கும்!" என்றான் எம் மகன்.

"அங்கிள், அவ்வளவு ஆழமாகப் பாய்ந்த வேல் தானே கைக்குத் திரும்பி வருமா?" என்று இந்தியில் கேட்டான் மற்றவன்.

இரண்டும் நியாயமாகவே பட்டன. விதிநூலைப் புரட்டினோம். எய்த அம்புகளிற் பாதியைப் போர் முடிந்தபின் ஒரு நிமிடம் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. உடலிற் சிக்கிய வேலுக்குப் பொதுவிதி ஒன்றும் காணோம். வேறொரு விளையாட்டில், 1986இல் வெளிவந்த 'கர்ப்ஸ்' என்பதில், அதற்கு வழியுண்டு என்று எம் மகனே கூறினான். ஓங்கிக் குத்தும் கூர்முனைக் கருவி சிக்கினால், அடுத்த முறையைச் செலவிட்டு வலிமையைச் சோதித்துப் பறிக்கவேண்டும். பறிக்கும்போது, நுழைந்தபோது விளைந்த ஊறிற் பாதி மீண்டும் விளையும்.

சிக்கிய படைக்கலம் வீணாவதில்லை என்பதற்கு வரலாறும் சான்று. கி.மு. 58இல் ஹெல்வேத்தியரோடு நிகழ்ந்த போரைச் சீசர் வருணிக்கிறார். உரோமர் எறிந்த ஈட்டிகள் பகைவரின் கேடயங்களைத் துளைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தனவாம். இரும்பு வளைந்துவிட்டமையாற் பிடுங்கவும் இயலவில்லை. கையை உதறிப் பார்த்துச் சலித்த பலர், கேடயத்தையே எறிந்துவிட்டுத் திறந்த மேனியராய்ப் போரிட்டனர். எறிந்தவன் கைக்கு மீளாத ஈட்டி, பட்டவன் கைக்குப் பாரமாயிற்று.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையில் எமக்குத் திருக்குறள் நினைவுக்கு வந்தது. படைச்செருக்கு அதிகாரம், 774ஆம் குறள். பள்ளிப் பருவத்தில் பிரம்புக்கு அஞ்சி மனப்பாடம் செய்தது. கைவேலை ஒரு களிற்றின்மேல் எறிந்துவிட்ட வீரன், அடுத்த களிற்றுக்கு வேல் தேடி வருகிறான், தன் மார்பில் தைத்திருந்த வேலைக் காண்கிறான், பறித்து மகிழ்கிறான். பரிமேலழகர் உரை இவ்வாறே செல்கிறது. ஐம்பதாண்டுகளாக அதனை வீரத்தின் பெருமை என்றே எண்ணியிருந்தோம். அன்று அம்மேசையருகே நின்றபோதுதான் அதில் ஒரு கணக்கும் இருப்பது புலனாயிற்று.

"அரக்கன் உன்மேல் ஏதேனும் எறிந்தானா?" என்று மகனைக் கேட்டோம்.

"முந்தைய சுற்றில் ஓர் ஈட்டி. எட்டுப் புள்ளி போயிற்று."

"அந்த ஈட்டி இப்போது எங்கே?"

இருவரும் விழித்தனர். புள்ளியைக் கழித்தார்களேயன்றி, ஈட்டியை இருவருமே மறந்துவிட்டிருந்தனர். "ஒரு சட்டம் என்றால் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். உன் வேல் அரக்கன் உடலில் நிற்குமானால், அவன் ஈட்டி உன் உடலில் நிற்கவேண்டும்" என்றோம். குறளின் பொருளை இந்தியில் விளக்கினோம்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த எம் மனைவி, "உண்மையில் யாருக்காவது குத்திவிட்டால் பிடுங்காதீர்கள், பிள்ளைகளே! குத்தி நிற்பதே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும், மருத்துவர்தாம் எடுக்கவேண்டும்" என்று எச்சரித்தாள். அதுவும் தீர்ப்பிற் சேர்ந்தது: பறிப்பவன் விலை கொடுத்தே பறிக்கவேண்டும்.

எம் மகனுக்கு மீந்திருந்தவை 6 புள்ளிகள். பறித்தால் எட்டிற் பாதியாகிய 4 போய்விடும். பறிக்காவிடில் வெறுங்கை. சற்றே யோசித்து, "பறிக்கிறேன்" என்றான்.

"வலிமைக்கு 12 விழவேண்டும்" என்றான் தோழன். விழுந்தது 13. எஞ்சிய இரண்டு புள்ளிகளோடு எம் மகன் ஈட்டியை ஓங்கியபோது, தோழன் தானாகவே, "பொறு. அரக்கன் விலாவில் உன் வேல் தொங்குகிறதே, அவனால் பாதி வேகந்தான் நடக்கமுடியும்" என்றான். அதனை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அதன்பின் அவ்வறையிற் கூச்சல் இல்லை, சிரிப்பொலிதான் கேட்டது.

அடுத்த வாரம் எதிர்வீட்டில் லாரி வந்து நின்றது. புறப்படுமுன் அப்பையன் தன் விளையாட்டுக் குறிப்பேட்டை எமக்குக் காட்டினான். அன்று வகுத்த விதியை வங்காள எழுத்தில் எழுதி, அதன் தலைப்பில் 774 என்று எண்ணிட்டிருந்தான்.

அன்றிரவு எம் மகன் நெடுநேரம் உறங்கவில்லை. பிறகு இருளில் கேட்டான்: "அப்பா, வேலைப் பறித்தானே அந்த வீரன், அவன் அப்புறம் பிழைத்தானா?"

"வள்ளுவர் அதைச் சொல்லவில்லை; மகிழ்ந்தான் என்பதோடு நிறுத்திவிட்டார்" என்றோம். வேறு சொல்ல எமக்குத் தெரியவில்லை.