பேரை எழுதிட்டு அப்புறம் கோடு போடு!

தருமபுரியில் மாசி, பங்குனி என்றால் புளி சீசன். மூட்டை மூட்டையாகப் புளி வந்து மண்டியில் இறங்கும். அப்படியொரு மண்டியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார் அந்த அப்பா. நீளமான பேரேடு, நீல மைப் பேனா, காதில் செருகிய பென்சில். இத்தனை வருஷத்தில் ஒரு பட்டுவாடாகூட ஆள் மாறிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை.

அந்தப் பெருமை போன வருஷம் உடைந்தது. உடைத்தது, மகள் ஆசையாக எழுதிக்கொடுத்த ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்.

மகள் பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். ராத்திரி பத்து மணி வரை அப்பா குனிந்து கணக்கு எழுதுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பைத்தான் மொழியில் ஒரு சின்ன பில்லிங் புரோகிராம் எழுதினாள். பெயர், ஊர், எடை, விலை தட்டினால் போதும். தொகை வரும், சீட்டும் பிரின்ட் ஆகும். "ரவி, அரூர்", "கமலா, பாலக்கோடு" என்று வீட்டில் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

முதல் சனிக்கிழமை சந்தடியில்தான் அது நடந்தது.

அன்றைக்குப் புளி கொண்டுவந்தவர்களில் இரண்டு பெண்களுக்கு ஒரே பெயர். ஒருவருக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். இன்னொருவருக்கு பாப்பாரப்பட்டி, மேற்குப் பக்கம். 1925-ல் சுப்பிரமணிய சிவா காலமான அதே ஊர். பேரேட்டில் இந்த இரண்டு ஊரையும் அப்பா ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஆனால் திரையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். எட்டெழுத்துப் பெயர், ஒரு கமா, அப்புறம் 'பா'. அதோடு பெட்டி முடிந்துவிட்டது.

பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்கு வரவேண்டியது 14,200 ரூபாய். கைக்குப் போனது 9,600. மீதிக் கதையை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை காலையில் மண்டி திறக்கும் முன்பே பாப்பாரப்பட்டிக்காரர் வந்து நின்றார். முந்தானையில் முடிந்திருந்த 4,600 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்க மரத்துல அவ்ளோ பழம் இல்லீங்கண்ணா. யாரு காசோ, பாத்துக் குடுத்துடுங்க."

அன்று மதியமே அப்பாவும் மகளும் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை.

"வெல எறங்கிடுச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேங்க. கம்ப்யூட்டர்ல அடிச்ச சீட்டாச்சே, தப்பா இருக்கும்னு யாரு கண்டா?"

மகளுக்கு உறைத்தது அதுதான். பேனாவால் எழுதிய சீட்டாக இருந்தால் அவர் அங்கேயே கேட்டிருப்பார். மெஷின் அடித்த சீட்டு என்பதால் தன் உழைப்பின் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறார்.

ராத்திரி புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தாள். பெயர்ப் பெட்டியின் அகலம் 20 என்று கொடுத்திருந்தாள். விரல் விட்டு எண்ணினாள். பெயர் எட்டு, கமாவும் இடைவெளியும் இரண்டு, பாப்பிரெட்டிப்பட்டி பத்து. கூட்டினால் சரியாக 20. பிறகு ஏன் வெட்டியது?

சிக்கல் அளவுகோலில் இருந்தது. பைத்தானோடு கிடைக்கும் டிகே-இன்டர் என்ற கருவியைத்தான் அவள் பயன்படுத்தினாள். அதற்கு அடிப்படையான 'டிகே', அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கியது. அதில் அகலம் 20 என்றால் இருபது எழுத்து என்று அர்த்தமில்லை. பூஜ்யம் இருக்கிறதே, '0', அதை இருபது தடவை வரிசையாக எழுதினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடம். ஒல்லியான பூஜ்யம் எங்கே, நம்ம 'மா'வும் 'ள்'ளும் எங்கே!

சரி, எழுத்துகளைக் கம்ப்யூட்டரையே எண்ணச் சொல்லலாம் என்று பார்த்தாள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு 19 என்றது. நமக்குப் பத்து எழுத்துதானே? யூனிகோடு முறையில் 'பி' என்பது 'ப' ஒன்று, மேல்விலங்கு ஒன்று என்று இரண்டு. 'ட்' என்றால் 'ட' ஒன்று, மேலே உள்ள புள்ளி ஒன்று. புள்ளி பக்கவாட்டில் இடமே பிடிக்காது. ஆனாலும் எண்ணிக்கையில் சேரும். அந்தக் கணக்கை நம்பிப் பெட்டி போட்டால் ஒரு பெயருக்கு இடம் மிஞ்சியது, இன்னொரு பெயருக்குப் போதவில்லை.

அப்பா தூங்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேரேட்டுல நீங்க எப்படிப்பா இடம் விடுவீங்க? ஊரு பேரு நீளமா வந்தா?"

"சீசன் ஆரம்பத்துல இருக்கறதுலயே பெரிய பேரை முதல்ல எழுதிப் பாப்பேன் கண்ணு. அப்புறம்தான் கோடு போடுவேன். அதுக்கும் மேல ஒண்ணு வந்துட்டா அடுத்த வரிக்கு எறக்கிடுவேன். எடம் இல்லைன்னு ஒருத்தர் பேரை வெட்டலாமா?"

அவளுக்கு வேண்டிய விடை அதிலேயே இருந்தது. எண்ணாதே, அள. டிகே-இன்டரில் எழுத்துருவிடமே "இந்தச் சொல் எத்தனை பிக்சல் பிடிக்கும்?" என்று கேட்கும் வசதி உண்டு. பட்டியலில் உள்ள எல்லாப் பெயரையும் அளந்து, பெரியது எதுவோ அதற்குத் தக்கபடி அகலம் வைத்தாள். ஒற்றை வரிப் பெட்டிக்கு இன்னும் சுலபம். அகலம் 0 என்று கொடுத்தால், உள்ளே இருப்பதற்கேற்ப அதுவே தன் அளவை வைத்துக்கொள்ளும்.

'குறிப்பு' எழுதும் பெரிய பெட்டி அப்படித் தானாக விரியாது. அதில் வரிகளைச் சொல் முறியாமல் மடிக்கச் சொன்னாள். மடிந்தபின் திரையில் எத்தனை வரி தெரிகிறது என்று கேட்டு, அந்த எண்ணையே உயரமாக வைத்தாள். எட்டு வரிக்கு மேல் போனால் உருட்டிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஒரு நீளமான குறிப்பே திரை முழுவதையும் விழுங்கிவிடும்.

உயரத்திலும் ஒரு பாடம் இருந்தது. அப்பாவின் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கினாள். பட்டியலின் வரி உயரமோ 20 பிக்சலிலேயே நின்றது. மேலே புள்ளி மறைந்தது, கீழே 'மு'வின் வால் போனது. புள்ளி போனால் 'ர்' என்பது 'ர' ஆகிவிடும். தமிழுக்கு இது சின்ன விஷயமா? வரி உயரத்தையும் எழுத்துருவிடம் கேட்டே வைத்தாள்.

திரையில் பெட்டி விரியும், சீட்டுத் தாள் விரியாது. அங்கே அப்பாவின் வழிதான். மேல் வரியில் பெயர், கீழ் வரியில் ஊர்.

உங்கள் போனிலும் பாதிச் சொல்லோடு நிற்கும் தமிழ் பட்டன்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டியதால் வரும் வினை. பத்து எழுத்துக்குள் அடங்கும் ஆங்கிலச் சொற்கள் வேறு மொழிக்குப் போகும்போது இரண்டு, மூன்று மடங்கு இடம் கேட்கலாம் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. பட்டனில் வெட்டினால் எரிச்சலோடு போகும். பெயரில் வெட்டினால் ஒருவருடைய கூலி போகும்.

இப்போது மகள் எது எழுதினாலும் "ரவி, அரூர்" என்று சோதிப்பதில்லை. அப்பாவின் பழைய பேரேடுகளைப் புரட்டி, நீளமான பெயர்கள் நாற்பதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறாள். அந்த நாற்பதும் முழுதாகத் தெரிந்தால்தான் புரோகிராம் மண்டிக்குப் போகும்.

இந்த வருஷம் பாப்பிரெட்டிப்பட்டி அம்மா மறுபடி புளி கொண்டுவந்தார். சீட்டை வாங்கியதும் பைக்குள் வைக்கவில்லை. தொகையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஊர்ப் பெயரில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். கடைசி 'டி' வரை வந்ததும், "சரியா இருக்குதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.