கேட்டல்

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினவுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்ததுதான். ஆயினும் ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது என்பதை முப்பத்தாறாம் வயதில், பெங்களூரில், ஒரு நேர்காணல் அறையில்தான் கற்றுக்கொண்டோம்.

அது 2019ஆம் ஆண்டு. திருச்சியில் பதினோராண்டுகள் நாம் பணியாற்றிய சிறு நிறுவனம் மூடப்பட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பள்ளிகளிலும் கடைகளிலும் கணினிகளைப் பொருத்தியும் பழுது நீக்கியும் வந்த நமக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. அவ்வேளையில், பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றிலிருந்து தொழில்நுட்ப உதவிப் பொறியாளர் பணிக்கு அழைப்பு வந்தது. தொலைபேசி வழியே முதற்கட்டத் தேர்வு முடிந்து, நேரில் வரும்படி பணித்தனர். மயிலாடுதுறை – மைசூரு விரைவு வண்டியில் ஏறினோம். இரவெல்லாம் உறங்காமல் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே சென்றோம்.

காலைச் சுற்று இனிதே அமைந்தது. இணைய முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்தபின், பக்கம் திரையில் தோன்றும்வரை என்னென்ன நிகழும் என்று வினவினர். இப்பணிக்கான நேர்காணல்களில் அடிக்கடி வரும் வினா அது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் தொடங்கி, 443ஆம் போர்ட் வழியே பாதுகாப்பான இணைப்பு அமைவதுவரை தடையின்றி விளக்கினோம். லினக்ஸ் கணினியில் பெரிய கோப்பொன்றை அழித்தும் வட்டில் இடம் கூடவில்லையெனில் காரணம் யாது என்றனர். அழிக்கப்பட்ட கோப்பை ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும். அந்நிரல் அதனைக் கைவிடும்வரை இடம் விடுபடாது என்றோம். வினவியவர் தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்டதாகவே நம் மனம் எண்ணிக்கொண்டது.

பிற்பகலில் நம்மினும் பத்து வயது இளைய பெண் ஒருவர் எதிரே அமர்ந்தார். "நான் ஒரு மருத்துவமனையின் அலுவலர். எங்கள் இணையதளம் காலையிலிருந்து திறக்கவில்லை. நோயாளிகள் முன்பதிவு செய்ய முடியாமல் தவிக்கிறார்கள். உதவி செய்யுங்கள்" என்றார். இதுவும் தேர்வின் ஒரு பகுதியே என்று நமக்குத் தெரியும்.

அவர் பேசி முடிக்குமுன்பே நாம் மருந்தெழுதத் தொடங்கிவிட்டோம். சர்வருக்குப் 'பிங்' அனுப்பிப் பாருங்கள் என்றோம். பதில் வரவில்லை என்றார். மீண்டும் அனுப்பச் சொன்னோம். அப்போதும் இல்லை. "அப்படியாயின் சர்வர் செயலிழந்துவிட்டது. அதனை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்" என்று உறுதியாகக் கூறினோம்.

சற்று நேரம் மௌனமாய் இருந்தார். பிறகு, "நீங்கள் சொன்னபடி செய்தேன். மருத்துவமனைக்குள் இருக்கும் பதிவு மேசைகள் இதுவரை நன்றாக இயங்கின. இப்போது அவையும் நின்றுவிட்டன" என்றார்.

நம் நா உலர்ந்தது. விடையை அவரே எடுத்துரைத்தார். சர்வருக்கு எக்குறையும் இல்லை. பல நிறுவனங்களில் ஃபயர்வால் 'பிங்' செய்தியைத் தடுத்துவிடுவதுண்டு. ஆகவே பதில் வராமை மரணத்துக்குச் சான்று அன்று. உண்மைக் காரணம், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் முந்திய நள்ளிரவில் காலாவதியானதே. வெளியிலிருந்து வருவோரின் திரைகளில் அந்த எச்சரிக்கை எழுத்திலேயே காணப்பட்டிருக்கும்.

"திரையில் என்ன தெரிகிறது என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே?" என்றார். குரலில் ஏளனம் இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது.

மாலை வண்டியில் திரும்பினோம். 'பிங்' என்னும் அச்சிறு நிரலை 1983இல் எழுதியவர் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர். நீருக்கடியில் ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியால் பொருள்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஓசையையே அவர் அதற்குப் பெயராக இட்டார். ஒலியை அனுப்புவது பாதி வேலை; காத்திருந்து கேட்பது மறுபாதி. இதனைப் பலருக்கும் விளக்கிச் சொல்லியிருக்கிறோம். அன்றோ, அனுப்பிக்கொண்டே இருந்தோம்.

ஓசூரைத் தாண்டுகையில் லால்குடியிலிருந்து தந்தையார் அழைத்தார். தொலைக்காட்சியில் படம் வரவில்லையாம். வழக்கமாக, "அணைத்துப் போடுங்கள் அப்பா" என்று ஒரே வரியில் முடித்து இணைப்பைத் துண்டிப்போம். அன்று ஏனோ, "திரையில் என்ன தெரிகிறது, அப்பா?" என்றோம்.

அவர் தடுமாறினார். ஏதோ நீலமாகத் தெரிகிறது என்றார். பிறகு, இல்லை, இப்போது சரியாகிவிட்டது என்றார். சிறிது நேரம் பேச்சில்லை. "போன காரியம் என்ன ஆயிற்று, தம்பி? சாப்பிட்டாயா?" என்றார். தொலைக்காட்சி தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேலையற்ற மகனிடம் நேரடியாக வினவ அஞ்சி, அவர் ஒரு பழுதைக் கற்பித்துக்கொண்டார். அந்த நான்கு மாதங்களில் இவ்வாறு எத்தனை பழுதுகளுக்கு நாம் ஒரு வரியில் தீர்வு சொல்லி வைத்தோமோ! நடந்ததனைத்தையும் ஒளிக்காமல் சொன்னோம். சேலம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்து நாள்களில் மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. மறு ஆண்டு வேறொரு நிறுவனம் காணொளி வழியே நம்மை நேர்கண்டது. அங்கும் ஒருவர் வாடிக்கையாளராக நடித்துக் கோபமாகக் குறை கூறினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, திரையில் தெரிவதை முதலில் வினவினோம். அவ்வேலையில்தான் இன்றும் இருக்கிறோம். எனினும் மணிக்கணக்கில் அழைப்புகள் குவியும் நாள்களில், செவிக்கு முன் கை விசைப்பலகையை நாடத்தான் செய்கிறது.

தந்தையார் இன்றும் ஞாயிறுதோறும் அழைக்கிறார். தொலைக்காட்சியில் இப்போதெல்லாம் பழுது ஏதும் ஏற்படுவதில்லை.