கற்பிட்டி வீதியும் சைக்கிள் பயணமும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தைக் கண்டு களிக்க விரும்புவோர்க்குத் துவிச்சக்கர வண்டியினும் ஏற்ற துணை பிறிதில்லை. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தை வணங்கி, உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலையும் மீனவர் வலைகளையும் பார்த்து, வடக்கே பாலாவிச் சந்தியை அடைந்தால், அங்கிருந்து இடப்புறமாகப் பிரிகிறது கற்பிட்டி வீதி. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான இவ்வீதிக்கு ஒருபால் இந்துமாகடல். மறுபால் புத்தளக் களப்பு. பாலாவி உப்பளங்கள், நுரைச்சோலை அனல் மின்நிலையம், கிளை வழியிலே தலவில அன்னம்மாள் ஆலயம், முடிவில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை எனக் காட்சிகள் பல.

மேடு பள்ளம் அதிகமில்லாத வீதியாதலின் மிதிப்பது எளிது. எனினும், சோளகம் வீசும் மாதங்களில் இங்கே காற்றின் குணத்தை அறிந்து செல்லுதல் வேண்டும். கற்பிட்டியிலிருந்து திரும்புகையில் காற்று நமது வலப்புறத்து முன்பக்கமிருந்து தாக்கும். அதற்கு ஈடுகொடுக்க நாம் நம்மை அறியாமலே வலப்புறம் சாய்ந்து மிதிப்போம். அவ்வேளை ஒரு லொறி நம்மை முந்தினால், அது காற்றைக் கணப்பொழுது மறைத்துவிடும்; சைக்கிள் லொறியின் பக்கம் இழுபடும். லொறி அகன்றதும் காற்று மீண்டும் அறைந்து நம்மை இடப்புறம் தள்ளும்.

நாம் அவ்வழியே வந்தபோது, எமக்கு முன்னே பாடசாலை மாணவன் ஒருவன் தார் விளிம்பை ஒட்டியே மிதித்துச் சென்றான். லொறி ஒன்று அவனை உரசுவதுபோல் கடந்தது. அடுத்த கணம் அவனது முன்சக்கரம் மணலில் இறங்கிப் புதைந்தது. பையன் புத்தகங்களோடு சரிந்தான். நல்லவேளை, முழங்காற் சிராய்ப்போடு எழுந்துவிட்டான். வலப்புறம் விழுந்திருப்பின் என்னாகியிருக்கும்!

ஓரத்தை ஒட்டிப் போவதே பணிவும் பாதுகாப்பும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இடப்புறமே செல்லவேண்டும் என்பது உண்மை. ஆனால் விளிம்பிலே செல்லுதல் வேறு. விளிம்பை ஒட்டியவனுக்குத் தடுமாறினால் ஒதுங்க இடமில்லை. இடைவெளி போதும் என்றெண்ணி லொறிச் சாரதியும் நெருக்கி முந்துகிறான். நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் பிரித்தானியாவில், 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வீதி நெறிக்கோவை, விரைவான வாகனங்கள் செல்லும் வீதிகளில் சைக்கிளோட்டி ஓரத்திலிருந்து அரை மீற்றரேனும் தள்ளிச் செல்லுமாறு கூறுகிறது. அது நமது கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். மணிக்கு 30 மைல் வேகம் வரை செல்லும் மோட்டார் வண்டி, முந்தும்போது 1.5 மீற்றரேனும் விலகவேண்டும் என்றும், வேகம் கூடினால் இடைவெளியும் கூடவேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆகவே கற்பிட்டி செல்லும் மாணவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாத இடத்தை இடப்புறம் விட்டு, நேர்கோட்டில் மிதிக்கவேண்டும். லொறியின் ஓசை கேட்டதும் கைப்பிடியை உறுதியாகப் பற்றி வேகத்தைக் குறைக்கவேண்டும். ஒடுங்கிய மதகுகளை அணுகுமுன் பின்னே திரும்பிப் பார்த்து, பெரிய வாகனம் வருமாயின் நின்று வழிவிடுதல் நன்று. இருட்டும் முன் பின்விளக்கை ஏற்றவேண்டும். பெற்றோர் இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புக. சாரதிகளும் அந்தப் பிள்ளைகளுக்கு உரிய இடத்தை விட்டுக் கடப்பார்களாக.