கூண்டு ஏறும் நாட்களில் மிருதங்கம்

சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் காசிமேட்டில் படகுகள் கடலுக்குப் போகாது. தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தால் 1. ஆபத்து நெருங்க நெருங்க எண் கூடிக்கொண்டே போய், தகவல் தொடர்பே அறுந்துபோனதைச் சொல்லும் 11-இல் முடியும். கடலோடிகளுக்காக ஏற்றும் இந்தக் கூண்டைத் திருவொற்றியூரில் தோல் வாத்தியம் கட்டுகிறவர்களும் கவனமாகக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

2024 நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் ஃபெஞ்சல் புயல் நகர்ந்துகொண்டிருந்தது. தேரடிப் பக்கத்துச் சந்து ஒன்றில், அறுபது வயதைத் தாண்டிய கைவினைஞரின் பட்டறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, ரெக்சின் உறை போட்ட மிருதங்கத்தைத் தோளில் சுமந்துகொண்டு எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்த ஆண்டுதான் அரசு இசைக் கல்லூரியில் மிருதங்கப் பிரிவில் சேர்ந்திருந்தாள்.

“தாத்தா, ‘நம்’ வரவே மாட்டேங்குது. பலகையில தட்டுற மாதிரி இருக்கு.”

பெரியவர் வலப் பக்கமான வலந்தலையில் ஆள்காட்டி விரலை ஒருமுறைதான் போட்டார். “தோல் தண்ணி குடிச்சிருக்கும்மா. உன் விரல்ல ஒண்ணும் கோளாறு இல்ல.”

அவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. இரண்டு வாரமாகத் தன் கையைத்தான் அவள் சந்தேகித்துக்கொண்டிருந்தாள். த, தி, தொம், நம் என்று ஆரம்பப் பாடத்தில் இருக்கும் மாணவிக்கு வாத்தியம் இறங்கிவிட்டதா, விரல் பிசகுகிறதா என்று பிரித்தறிய இன்னும் காது பழகியிருக்காது.

மிருதங்கத்தின் உடல் பலாமரம். அதன் மேல் ஆடு, பசு, எருமை மூன்றின் தோலும் சேர்கின்றன. இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத் தோல். வடகிழக்குப் பருவமழை வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைத் தோலும் வாரும் உறிஞ்சித் தளர்கின்றன, சுருதி இறங்குகிறது. கட்டையும் கல்லும் வைத்துத் தட்டி ஏற்றினால் ஒரு பாட்டு வரை நிற்கும், பிறகு மறுபடி இறங்கும். தொப்பி எனும் இடப் பக்கத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடலாம். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் பொறுமையைச் சோதிப்பது. கிட்டக்கல்லைப் பொடித்துச் சலித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஓர் அடுக்கு உலராமல் அடுத்த அடுக்கை வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

வெயில் இருக்கும் மாதங்களில் வாசலிலேயே உலர்ந்துவிடுவது, மழைக்காலத்தில் குண்டு பல்பின் சூட்டில் நாள் கணக்கில் இழுக்கிறது. பெரியவரின் மனைவி மாவை அரைப்பதுபோல் அந்தக் கலவையை விடாமல் பிசைந்துகொண்டிருந்தார். மார்கழிக் கச்சேரிகளுக்கு வித்வான்கள் வாத்தியத்தைச் சரிபார்க்கக் கொடுப்பதும் இந்த மழைக்காலத்தில்தான். நகரத்தில் மழை அதிகம் கொட்டும் நவம்பரை அடுத்தே சபாக்களின் பருவமும் வருகிறது. வேலை குவியும் நேரத்தில் வெயில் இருக்காது. அரங்கில் உட்கார்ந்து தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டுகிற நாம், அந்த நாதத்துக்காக ஈரத்தோடு மல்லுக்கட்டியவர்களை நினைப்பதில்லை.

அவள் படிக்கும் கல்லூரி 1949-இல் தொடங்கியது. முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அடையாற்றங்கரையில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகையில் இயங்குகிறது. வடக்கே கொசஸ்தலை கடலில் சேரும் இடத்துக்கு அருகே இவள் வீடு, தெற்கே அடையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே இவள் வகுப்பறை. புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயிலில் பசுமைவழிச் சாலை. கூட்ட நெரிசலில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரச் சாரல் படாமல் துப்பட்டாவால் மூடிக்கொள்வாளாம்.

இவள் அப்பா கானா கச்சேரிகளில் டோலக் வாசிப்பவர். அவள் தாளம் பழகியது அந்த டோலக்கில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மீனவர்கள் வாளியும் குவளையுமாக எண்ணெயை அள்ளிய படங்கள் உலகெங்கும் போயின. எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளும் புகுந்த அந்தத் தண்ணீரில் டோலக் ஓர் இரவு மிதந்தது. நனைந்த தோலை உலர்த்திப் பார்க்கலாம், எண்ணெய் ஊறிய தோலை அறுத்து எறியத்தான் வேண்டும். நிவாரணப் பட்டியலில் படகும் வலையும் இருந்தனவே தவிர டோலக்குக்கு ஏது இடம் என்கிறாள். கலைஞரின் பிழைப்பும் தொழில்தான் என்பதை அரசுப் பட்டியல்கள் ஏற்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றியது.

மிருதங்கம் கட்டுகிறவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வெளிவந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவரான செபாஸ்டியனின் வழித்தோன்றல்களை அது தேடிப் போகிறது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் உழைப்பும் இருந்ததைப் பலர் அதில்தான் அறிந்தார்கள். அந்நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதால், விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. தோலைத் தொடுகிறவரைத் தள்ளி வைத்து, அதே தோலில் பிறக்கும் நாதத்தை மட்டும் மேடையில் உயர்த்தி வைக்கும் பழக்கம் நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது.

வடசென்னைக்குச் சங்கீதம் வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்றே பெயர் பெற்றவை. இன்று சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கும் மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. அவருடைய மகன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது அந்தக் காலத்தில்தான். இதைச் சொன்னபோது அந்தப் பெண், “மணலியிலயா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கல்லூரிகளுக்கு விடுமுறை. வெயில் எட்டிப் பார்த்த நாளில் பட்டறை வாசலில் அவள் மிருதங்கம் வார் தளர்த்தப்பட்டுக் கிடந்தது. புது மூட்டு, அதாவது புதுத் தோல் முகம், மார்கழி வேலை முடிந்து தை மாதம்தான் என்று பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார். பணத்தை இரண்டு தவணையாகத் தரலாம். அதுவரை பழைய தோலையே இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

“வார் இழுக்க நானே கத்துக்கட்டுமா?”

பெரியவரின் மகன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், பட்டறைப் பக்கம் வருவதில்லை. பெரியவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வார் அறுக்கும், தோல் உரியும், வாசிக்கிற கைக்கு ஆகாது என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார்.