வெண்கட்டி படியாத நாலு அங்குலம்

வெள்ளவத்தைக் கரையில் கிடக்கும் வள்ளங்களுக்குச் சில்லு என்றால் என்னவென்று தெரியாது. கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒடுங்கிய மணல். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து ஏற்றுவார்கள், விடியலில் தள்ளி இறக்குவார்கள். தண்டவாளம் குறுக்கே கிடப்பதால் வண்டி வாகனம் எதுவும் மணலுக்கு வராது. அதைப் பார்த்தே பழகியவன் நான். தார் றோட்டில் ஓடும் வள்ளத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை 155 பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் முகத்துவாரப் பக்கம் போனேன். தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை ஒன்று. வாசலில் நீலமும் வெள்ளையுமாக ஒரு ஃபைபர் வள்ளம், செயின் புளொக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது அடி. அதன் கீழே துருவும் புதுப் பெயின்றுமாக ஒரு ட்ரெயிலர்.

மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரைக் கடலைக் கலக்கத் தொடங்கும். அதே மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பலர் வலை, எஞ்சின், வள்ளத்தோடு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் போய் வாடி அடித்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். (அதனால் அந்த ஊர்த் தமிழ் மீனவருக்கு வந்த மனத்தாங்கல் தனிக் கதை. போகிற போக்கில் சொல்லக்கூடியதல்ல.) வள்ளங்கள் பெரும்பாலும் லொறியில்தான் போகும். இந்த வள்ளத்துக்காரர் லொறி வாடகை கட்டிக் களைத்து, பழைய ட்ரெயிலர் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டார். போன வருசம் ஒரே ஒரு தடவை திருகோணமலைக்குப் போய் வந்தது. அதிலிருந்து கடலில் இறக்கினால் வள்ளம் மூக்கைக் குத்துகிறது, முன்னைய வேகம் இல்லை.

வேலை பார்ப்பவர்கள் இருவர். ஒருவர் வெல்டிங் பாஸ், முப்பது வயதிருக்கும், புளூமெண்டால் வீதிக்காரர். கொழும்பில் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான்: மேசன் பாஸ், தச்சு பாஸ், பெயின்ற் பாஸ். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் முதலாளியைக் குறிப்பது. இங்கே அது வேலை தெரிந்தவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

மற்றவர் காரைநகர்ப் பெரியவர். நோர்வேக்காரரின் உதவியோடு 1960களில் காரைநகரில் தொடங்கிய சீநோர் படகுத்தளத்தில் இளவயதில் ஃபைபர் வேலை பழகியவர். சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. றெசின் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கண்ணாடிபோல மினுங்குகின்றன.

“ஐயா, ட்ரெயிலர் பிழையெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்து, வள்ளத்தின் அடியில் பின்பக்கமாக வைத்துப் பிடித்தார். சட்டத்தின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி.

“பள்ளம் விழுந்திட்டுது, தம்பி. தண்ணி வள்ளத்தை எல்லா இடத்தாலயும் தாங்கும். இரும்பு தான் முட்டுற இடத்தில மட்டும்தான் தாங்கும். விளங்குதே?”

விளங்கியது. 500 கிலோ வள்ளம் கடலில் கிடக்கும்போது அரைக் கன மீற்றருக்குச் சற்றுக் குறைவான உப்புநீரை விலக்கி, அந்தப் பாரம் முழுவதையும் அடிப்பரப்பெங்கும் பரத்திவிடுகிறது. அதே 500 கிலோவை இரும்புச் சட்டத்தில் ஏற்றினால் நாலு இடத்தில் குத்தும். பள்ளங்குழியில் சில்லு விழும் ஒவ்வொரு தரமும் அந்தக் குத்து பல மடங்காகும். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அடி பின்பக்கம் உள்வாங்கிவிட்டால், ஓடும்போது தண்ணீர் அந்தப் பள்ளத்தில் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கும், அணியம் கீழே அமுங்கும். மூக்கைக் குத்துவது இதனால்தான்.

2018 ஓகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குள் போய் ஆட்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அந்த வள்ளங்களில் பல சேதப்பட்டே கடற்கரைக்குத் திரும்பின என்பதைப் பின்னால்தான் வாசித்தேன். பெரியவரிடம் சொன்னேன். “மதிலில இடிச்சதை எல்லாரும் காண்பினம். லொறித் தட்டில இடிச்சதை ஆர் கண்டது?” என்றார்.

பள்ளத்தை நிரப்பி, ஃபைபர் பாய் வைத்து, றெசின் பூசி, தேய்த்துச் சமப்படுத்துவது அவருடைய வேலை. அது முடிந்திருந்தது. இனி அதே பள்ளம் திரும்ப விழாமல் வண்டியைத் திருத்தவேண்டும். அவர் அடியில் குனிந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். ஓரிடத்தில் சத்தம் கட்டையானது. “வங்கு” என்றார். பாஸ் அந்த இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டார். இப்படித் தட்டித் தட்டி உள்ளே இருக்கும் குறுக்கு வங்குகள் எல்லாம் வெளியே கோடாக வந்தன. பாரம் தாங்கக்கூடிய இடம் அந்தக் கோடுகளும் நடுவே ஓடும் ஏராவும்தான். இரண்டு வங்குக்கு நடுவில் உருளை வந்தால் அடி குழியும்.

பழைய ட்ரெயிலரில் பாரம் முழுவதும் பக்கத்து உருளைகளில் இருந்தது. பாஸ் அவற்றை வெட்டியெறிந்துவிட்டு, ஏராவுக்கு நேர்கீழே றப்பர் உருளைகளும், இரு பக்கமும் நீளப் பைன் பலகைகளும் வைத்திருந்தார். “ஏரா பாரத்த எடுக்கும் அண்ணே, பலகை சும்மா அணைச்சுப் பிடிக்கும்” என்றார். பலகை கொஞ்சம் வளையக்கூடியதாக இருப்பதும் நல்லதாம், அடியின் வளைவுக்கு இசைந்து கிடக்கும். அச்சும் பெயரிங்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கியவை. அச்சைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இழுக்கிற வாகனத்தின் கொக்கியில் விழும்படி வைத்திருந்தார். அதற்குக் குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். கூடினால் வாகனத்தின் பின்பக்கம் குந்திவிடும்.

பெயரிங் பற்றி மட்டும் அவர் கோபத்தோடு பேசினார். ஓடிவந்த சூட்டோடு சில்லைக் கடலுக்குள் இறக்கினால், உள்ளே சூடாயிருந்த காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். “ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு இறக்குங்கன்னா யாரு கேக்குறா?”

பிறகு பார்த்ததுதான் நான் போனதற்குக் கிடைத்த பலன். பலகைகளுக்குக் கார்பெட் அடிக்குமுன் வெறும் மரத்தில் வெண்கட்டித் தூளைத் தடவினார்கள். செயினை அவிழ்த்து வள்ளத்தை மெல்ல இறக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, மறுபடி தூக்கினார்கள். வள்ளத்தின் நீல அடியில் வெள்ளையாக இரண்டு பட்டை. பெரியவர் மல்லாந்து படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். வலப்பக்கப் பட்டை நடுவில் அறுந்திருந்தது. பாஸ் ஒரு போல்ட்டை அரைச் சுற்றுத் திருப்பினார். திரும்பவும் இறக்கினார்கள், தூக்கினார்கள். இப்போது பட்டை அறவில்லை. ஆனால் பின்பலகைக்கு நாலு அங்குலம் முன்னாலேயே இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

“சரி வந்திடுச்சு ஐயா” என்றார் பாஸ். நேரம் நாலு மணி தாண்டியிருந்தது.

“எங்கை வந்தது? எஞ்சினை ஆற்றை தலையில வைக்கப் போறாய்?”

40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல் வரும். அது தொங்குவது பின்பலகையில். ட்ரெயிலர்ப் பலகை அதன் விளிம்புவரை போகாவிட்டால் எஞ்சின் பாரம் அந்தரத்தில் நின்று, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடியைப் பலகை முனையில் வைத்து மடிக்கும். போன வருசம் பள்ளம் விழுந்தது சரியாக அங்கேதான். பாஸ் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே புகுந்தார். இரண்டு பலகையையும் கழற்றி, பின்னுக்குத் தள்ளி, புதுத் துளை போட்டுப் பூட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம். இந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு வள்ளத்துக்காரர் தனியாகக் காசு கொடுப்பாரா என்று கேட்டேன். இல்லையாம், பேசியது முழு வேலைக்குமான காசு.

மூன்றாம் தரம் இறக்கித் தூக்கியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைப் பட்டையும் பின்விளிம்புவரை ஓடின. பெரியவர் அவற்றின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்து, தூளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினார். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. மழைத்தண்ணீர் நூறு லீற்றர் உள்ளே தேங்கினால் நூறு கிலோ கூடிவிடும்.

“பிளக்கைக் கழட்டி விடு மேனே” என்றார் பாஸைப் பார்த்து, “இண்டைக்கு ராவைக்கு அடிச்சு ஊத்தும்.”