மணி என்னும் விடை

நாம் முதுகலை இரண்டாமாண்டு பயின்றுகொண்டிருந்த 2002-ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் பிரௌசிங் சென்டர் ஒன்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இருபத்தைந்து ரூபாய். பலகைத் தடுப்புகளுக்கிடையே ஆறு கணினிகள்; இணைப்பு அறுந்தால் அந்த நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். நமது முதல் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்தவன் அந்தக் கடைப் பையன்தான். பெயர், பிறந்த நாள், கடவுச்சொல் எல்லாம் ஆயின. இறுதியில், கடவுச்சொல் மறந்துபோனால் நம்மை அடையாளம் காண ஒரு கேள்வி. பட்டியலில் முதலாவதாக நின்றது, தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்.

"அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேருண்ணே?"

"அதே பேர்தான்" என்றோம்.

அவனும் திகைத்தான், நாமும் திகைத்தோம். நம்மூர்த் தாய்மாருக்குத் திருமணத்தால் மாறுவது தலைப்பெழுத்து ஒன்றுதான் என்பது, அந்தக் கேள்வியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த கேள்வி, செல்லப் பிராணியின் பெயர். வீட்டில் நாய் ஒன்று இருந்தது. மணி என்று தட்டச்சு செய்தோம். பையன் சிரித்தான். "எங்க வீட்டு நாயும் மணிதாண்ணே." தமிழகத்து நாய்களைக் கணக்கெடுத்தால் செம்பாதி மணியாகத்தான் இருக்கும். ஆக, நமது கணக்குக்குக் காவல் நின்ற மறைமொழி, பிறந்த நொடியிலேயே இரண்டாம் ஆளுக்குத் தெரிந்துபோயிற்று. அதைப் பற்றி அன்று நாம் கவலைப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் வரை கவலைப்படவே இல்லை.

அக்கணக்கு எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே வேண்டா. யாகூ அன்று என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். ஏனெனில் இனி யாகூவைப் பற்றிச் சிறிது பேசவேண்டியிருக்கிறது.

இணையத்தில் தமிழ் இலக்கியம் தவழத் தொடங்கிய நாள்களில் ராயர் காப்பி கிளப், மரத்தடி முதலிய மடலாடற்குழுக்கள் கூடியது யாகூவின் கூரையின் கீழேதான். திஸ்கி எழுத்துருவில் வரும் மடல்களை, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்துவிட்டு, கிறுக்கல்களைப் பார்த்து விழித்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அந்தக் குழுமச் சேவையும் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கோராண்டு முன்பே பழைய பதிவுகள் நீக்கப்பட்டன. ஆயினும் பலர் வீடு மாறியபின் பழைய வீட்டுச் சாவியைப் பெட்டியில் போட்டு வைப்பதுபோல அங்கே திறந்த முகவரியை விடாமல் வைத்திருந்தார்கள்.

2016 செப்டம்பர் 22 அன்று யாகூ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2014-இன் பிற்பகுதியில் குறைந்தது 50 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவுபோயின என்பது செய்தி. அந்த அதிர்ச்சி அடங்குமுன், டிசம்பர் 14 அன்று இரண்டாம் அறிவிப்பு: 2013 ஆகஸ்டில் வேறொரு களவு, 100 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள். மறு ஆண்டு அக்டோபரில் அந்தத் தொகையும் திருத்தப்பட்டது. நூறு கோடி அன்று, 300 கோடி. அதாவது அன்றிருந்த கணக்குகள் அனைத்தும். அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. ஆணையம் 2018 ஏப்ரலில் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் விதித்தபோது, 2014-ஆம் ஆண்டுக் களவு நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவினருக்கு அந்த ஆண்டு டிசம்பரிலேயே தெரிந்திருந்தது என்று குறிப்பிட்டது. வீட்டில் கன்னம் வைத்ததைக் காவலாளி அறிவான். வீட்டுக்காரன் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து நாளிதழில் படித்து அறிகிறான்.

யாகூவை வாங்கவிருந்த வெரைசன் நிறுவனம் இக்களவுகளைக் காட்டி விலையில் 35 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டது. அத்தொகையை 300 கோடியால் வகுத்துப் பார்த்தோம். ஒரு கணக்குக்குப் பன்னிரண்டு சென்ட்டும் தேறவில்லை. ஒருவருடைய பதினைந்தாண்டுக் கடிதப் போக்குவரத்துக்கு அச்சந்தையில் கிடைத்த தள்ளுபடி அவ்வளவுதான். பின்னர் 11.75 கோடி டாலரில் வழக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதில் பங்கு கேட்கும் உரிமை அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் வாழ்ந்த பயனர்க்கே இருந்தது.

பயனர்கள் என்ன செய்தார்கள்? சிலர் வெகுண்டு வெளியேற முற்பட்டனர். அப்படி வெளியேறுவோர், பழைய முகவரிக்கு வரும் மடல்கள் புதிய முகவரிக்குத் தாமே சென்று சேருமாறு அமைப்பது வழக்கம். 2016 அக்டோபர்த் தொடக்கத்தில் அவ்வசதி சில நாள்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது; மேம்படுத்தும் பணி நடப்பதாகக் காரணம் சொன்னார்கள். கூச்சல் எழுந்தபின் மீண்டும் தந்தார்கள்.

நமது கல்லூரியிலும் அந்நாள்களில் இதே பேச்சுத்தான். வரலாற்றுத் துறை நண்பர், "நம்மகிட்ட திருட என்ன சார் இருக்கு? இன்டர்னல் மார்க்கும் அரியர் பில்லும்தானே" என்றார். வணிகவியல்காரர் அன்று மாலையே கணக்கை மூடினார். அதில் இருந்த மகளின் குழந்தைப் பருவப் படங்கள் நினைவுக்கு வந்தது மறுநாள் காலையில். இயற்பியல் துறை அம்மையார் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, ஒவ்வொன்றும் வெவ்வேறாக, ஒரு சிறு நாட்குறிப்பில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாமெல்லாம் அவரைப் பார்த்து நகைத்தோம். இன்று எண்ணிப் பார்த்தால் அவ்வறையில் அறிவோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவரே. கடல் கடந்து இருப்பவன் எவனும் கணினி வழியாக அவருடைய கைப்பையைத் திறக்க இயலாது.

நம் நிறுவனத்திடமிருந்தும் அக்காலத்தில் ஓர் எச்சரிக்கை மடல் வந்திருந்தது. நீண்ட ஆங்கில மடல். விடைத்தாள் திருத்தும் பருவம் அது. நாம் நமது கடவுச்சொல்லின் ஈற்றில் ஒன்று என்னும் இலக்கத்தைச் சேர்த்துவிட்டுப் பணி முடிந்ததாகக் கருதினோம்.

கடவுச்சொற்களை நிறுவனங்கள் அப்படியே எழுதி வைப்பதில்லை, அரைத்து வைக்கின்றன. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது என்பதே அதன் தத்துவம். ஆனால் திருடன் மாவை அரிசியாக்க முயல்வதில்லை. உலகத்தார் வழக்கமாக வைக்கும் சொற்களையெல்லாம் தானே அரைத்து, எந்த மாவு எதனோடு ஒக்கிறது என்று பார்க்கிறான். 2013-இல் யாகூவிலிருந்து போன கடவுச்சொற்கள் எம்டி5 என்னும் பழைய முறையில் அரைக்கப்பட்டவை. அந்த உரல் மிக விரைவாகச் சுழலும் என்பதே அதன் குறை. கோடிக்கணக்கான சொற்களைத் திருடன் நொடியில் அரைத்துவிடுவான். (ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் வேறொரு துணுக்கைக் கலந்து அரைக்கும் நல்ல முறையும் உண்டு. அத்துணுக்குக்குக் கணினியார் இட்ட பெயர் உப்பு. நமது உவமை நம்முடையது மட்டும் அன்று போலும்.) ஓரிடத்தில் கண்டுபிடித்த சொல்லை வேறு பத்து வாயில்களிலும் பொருத்திப் பார்ப்பது அடுத்த வேலை. எல்லா வாயிலுக்கும் ஒரே சாவி வைத்திருந்த நம்போன்றோர் அங்கேதான் அகப்பட்டோம்.

கடவுச்சொல்லையாவது மாற்றலாம். யாகூவிலிருந்து போனவற்றுள் அடையாளக் கேள்விகளின் விடைகளும் இருந்தன. அவற்றுட் சில அரைபடாமல், மறைக்கப்படாமல், எழுதியபடியே கிடந்தவை. தாயின் ஊரையும் முதல் ஆசிரியரின் பெயரையும் ஒருவர் எங்ஙனம் மாற்றிக்கொள்வது?

கம்பனைக் கற்பிக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பளிக்கும் இடமொன்று சூடாமணிப் படலத்தில் உண்டு. அனுமனிடம் சீதை அடையாள மொழிகள் சொல்லி அனுப்புகிறாள். அவற்றுள் ஒன்று, தன் கிளிக்கு யார் பெயரை இடுவது என்று முன்பொருநாள் தான் கேட்டதும், தன் அன்னை கைகேயியின் பெயரை இடுமாறு இராமன் கூறியதும். செல்லப் பிராணியின் பெயர், தாயின் பெயர் ஆகிய இரண்டு கேள்விக்கும் ஒரே விடை! மின்னஞ்சல் நிறுவனங்கள் நேற்றுக் கண்டதைக் கம்பன் என்றோ கண்டுவிட்டான் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அந்தக் கிளியின் பெயரை அறிந்தோர் இருவர். இலங்கையில் மூன்றாமவனாகக் கேட்டவன் அனுமன். அதை ஏட்டில் எழுதிக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்தார் எவரும் இலர். சொல் ஒருபுறம், சூடாமணி ஒருபுறம் என இரண்டு சான்றுகள் வேறு. இந்நாளில் கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கிறார்களே, அந்த ஏற்பாடு. 2017-இல் நம் கணக்குக்கு அது இல்லை. இருந்தது, நாம் அமைத்துக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, கைப்பேசி ஓயாது ஒலித்தது. நாம் இலண்டனுக்குக் கருத்தரங்கு ஒன்றுக்காகச் சென்றிருப்பதாகவும், பையைப் பறிகொடுத்து விடுதியில் சிக்கிக்கொண்டிருப்பதாகவும், ஊர் திரும்பியதும் தந்துவிடுவதாகவும் நம் பெயரில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு ஆங்கில மடல் போயிருந்தது. நாம் அதுவரை கடவுச்சீட்டே எடுத்ததில்லை. முதல்வர் நேரில் கண்டபோது, "இலண்டன் எப்படி இருந்தது?" என்றார்.

கணக்கினுள் நுழைய முயன்றோம். கடவுச்சொல் தவறு என்றது. அடையாளக் கேள்வி வந்தது: செல்லப் பிராணியின் பெயர் யாது? மணி என்று எழுதினோம். தவறு என்றது. மீண்டும் எழுதினோம். மீண்டும் தவறு. திருடன் உள்ளே புகுந்ததும் விடையை மாற்றியிருக்கிறான். நம் நாயின் பெயர் நமக்கே தெரியாது என்று ஓர் எந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பிப் பதினொரு நாள்கள் கழித்துக் கணக்கு மீண்டது. முகவரிப் பட்டியல் துடைக்கப்பட்டிருந்தது. ஏமாறவிருப்போரை எச்சரிக்க வழியில்லாமற் செய்வது இவர்கள் தொழிலின் வழக்கமாம்.

ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பழைய மாணவர் ஒருவரின் அழைப்பு மூன்றாம் நாள் வந்தது. "ஐயா, ஊருக்கு வந்து சேர்ந்துட்டீங்களா?" ஆயிரத்து இருநூறு திர்ஹாம் அனுப்பியிருந்தார்.

அவருக்கு நாம் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதியதில்லை, அவரும் எழுதியதில்லை. ஒவ்வொரு மடலும் 'பேரன்புமிகு ஐயா' என்ற விளியோடுதான் தொடங்கும். ஐயம் எழவில்லையா என்று கேட்டோம். நம்மையறியாமல் குரலில் சிறிது கடுமையும் சேர்ந்துவிட்டது.

"எழுந்துச்சுங்கய்யா. ஐயா இங்கிலீஷ்ல எழுதுறாங்கன்னா எவ்வளவு கஷ்டத்துல இருக்காங்களோன்னுதான் நினைச்சேன். போன் பண்ணிக் கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

திருடன் ஈட்டியது அந்தத் தயக்கத்தைத்தான். அதனை நாம் மூன்றாண்டுகள் வகுப்பில் உட்கார்ந்த ஒருவரிடம் சம்பாதித்திருந்தோம்; களவாடியவன் ஒரே இரவில் செலவழித்துவிட்டான். பணத்தைத் திருப்பித் தர முயன்றோம். "ஐயாகிட்ட வாங்குறதா?" என்று மறுத்துவிட்டார். அடுத்த விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது உறையில் வைத்துக் கொடுத்தோம்; தேநீர்க் கோப்பையின் கீழே வைத்துவிட்டுப் போனார்.

2020 ஜூன் மாதம் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. பெருந்தொற்றில் வேலை போய்விட்டது, அறை வாடகை இரண்டு மாதம் நிற்கிறது, ஊர் திரும்ப விமானத்துக்குப் பதிவு செய்திருக்கிறார், இருபதாயிரம் ரூபாய் கடனாக வேண்டும். தமிழில்தான் இருந்தது. விளி இருந்தது. கைப்பேசிக்கு அழைத்தோம், எண் செயலில் இல்லை என்றது. அது நிறுவனம் கொடுத்த எண் என்பதும் வேலையோடு அதுவும் போயிற்று என்பதும் பின்னர்த் தெரிந்தவை. துணைவியார், "அனுப்பிடுங்களேன்" என்றார். நாம் அனுப்பவில்லை. கல்லூரி வாயிலில் இருந்த தேநீர்க் கடையை மாணவர்கள் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்று கேட்டு ஒருவரி மறுமொழி எழுதினோம்.

இரண்டு நாள் கழித்து விடை வந்தது. கடையின் பெயர் சரியாக இருந்தது. அதன் கீழே வங்கிக் கணக்கு எண். மேலே விளி இல்லை.