பள்ளிகொண்டாவிலிருந்து யாழ்ப்பாணம்

பாலாற்றங்கரையில் பெருமாள் சயனித்திருப்பதால் பள்ளிகொண்டா என்று பெயர். ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணம் புறப்படுகிறவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வாய்க்காது! விமானம் ஏறாமல், ஓர் இரவு பஸ்ஸிலும் மறுநாள் பகல் கப்பலிலுமாக அயல்நாட்டு நகரம் ஒன்றைப் போய்ப் பார்க்கலாம் என்றால் உங்களுக்கும் ஆசையாகத்தானே இருக்கும்?

முதலில் வேலூர் போய்த் தெற்கே செல்லும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலம் கையில் இருந்தால் நல்லது. அது போளூர் தாண்டுவதற்குள் காலியாகிவிடும் என்பது வேறு விஷயம். வேலூர் சேருமுன் மேல்மொணவூர் என்ற ஊரைக் கொஞ்சம் கவனியுங்கள். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அங்கே ஒரு முகாம் இருக்கிறது. 2021ல் அடிக்கல் நாட்டி, 2023ல் புது வீடுகளைத் திறந்தார்கள். நீங்கள் டிக்கெட் வாங்கிக் கடக்கப்போகும் அதே கடலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் கடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தும் இந்தியக் குடியுரிமை கிடைக்காதவர்கள் பலர் உண்டு. பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுலா கிளம்பும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், சிதம்பரம் என்று இரவு கழியும். காரைக்கால் தாண்டி நாகூர் மினாராக்கள் தெரிந்தால் நாகப்பட்டினம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜூலா' கப்பலில் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஏறிய துறைமுகம் அது.

இலங்கைக்குக் கப்பலில் போவதும் அந்தக் காலத்தில் சகஜம். 1914ல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ஸ்டீமரில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்பு போவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1983க்குப் பின் போர் மூண்டு அதுவும் நின்றது. 2011ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு கப்பல் சில மாதங்கள் ஓடி ஓய்ந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' புறப்பட்டபோது ஊரே கூடி வழியனுப்பியது. அதுவும் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்த பிறகுதான் சேவைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பினால் கப்பல் நின்றுவிடும். புறப்படும் நாள், நேரம், அந்நாட்டு அனுமதி விதி எல்லாம் அடிக்கடி மாறுகின்றன. விசாரிக்காமல் பஸ் ஏறினீர்களானால் வேளாங்கண்ணி தரிசனத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

சுங்கச் சோதனை முடிந்து கப்பல் கிளம்பினால் சுமார் நான்கு மணி நேரப் பயணம். தூரம் அறுபது கடல் மைல்தான். ராத்திரி பஸ்ஸில் வந்த தூரத்தில் பாதிகூட இல்லை! கடல் அமைதியாக இருந்தால் சுகம். இல்லாவிட்டால் எலுமிச்சம்பழமே துணை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் 2019 முதல் உண்டு. ஆனாலும் கரை மறைந்து, வெறும் நீலமாகி, மறுபடி பனைமரத் தலைகள் எழும்புவதைப் பார்க்க வேண்டுமானால் கப்பல்தான்.

காங்கேசன்துறையில் பழைய சிமெண்டுத் தொழிற்சாலையின் மிச்சம் உங்களை வரவேற்கும். 1990ல் போர்க்காலத்தில் மூடியது. அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்குள் யாழ் நகரம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். பிறகு நூலகத்துக்கும் அவசியம் போங்கள். 1981ல் தீயில் கருகிய அந்த வெள்ளைக் கட்டடம் மறுபடி எழுந்து நிற்கிறது. எரிந்துபோன ஓலைச்சுவடிகள்தாம் திரும்பவில்லை. வாசலில் சரஸ்வதி வீணையுடன் அமர்ந்திருக்கிறாள். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் தலை குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது நாமும் மெதுவாகத்தான் நடப்போம்.

வெளியே வந்து ஒரு கடையில் டீ கேட்டுப் பாருங்கள். "வாங்கோ, இருங்கோ! தேத்தண்ணி போடட்டே?" என்பார்கள். எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். வேலூர்ப் பக்கம் என்று சொல்லுங்கள். "எங்கட சொந்தக்காரர் அங்க முகாமில இருக்கினம்" என்று யாராவது ஒருவர் பேச்சைத் தொடங்கினால், அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள்.